வேலைக்குப் போய்க்கொண்டே மீண்டும் படிப்பவர்கள் நேரத்தை எப்படி வகுத்துக்கொள்கிறீர்கள்?

கேள்வி: கணக்குப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு பொருளியல் முதுகலையில் பகுதிநேர மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முழுநேர வேலை. வீட்டில் பள்ளியில் படிக்கும் மகனும், உடல்நலம் குன்றிய மாமியாரும் இருக்கிறார்கள். கணவரும் வேலைக்குப் போகிறவர். இந்தப் பருவத்தில் புள்ளியியல், நுண்பொருளியல் என்று இரண்டு தாள்களை எடுத்திருக்கிறேன்.

சேர்ந்த கையோடு ஓர் அட்டவணை போட்டேன். வார நாட்களில் இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை படிப்பது, சனி ஞாயிறுகளில் பதிவு செய்யப்பட்ட வகுப்புகளைப் பார்ப்பது என்பதுதான் திட்டம். நடப்பது வேறாக இருக்கிறது. ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்தால், கடைசியாக எங்கே விட்டேன் என்று தேடுவதிலும், பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் புதிதாக என்ன அறிவிப்பு வந்திருக்கிறது என்று பார்ப்பதிலும், பாதியில் நின்றுபோன குறிப்பைத் திரும்பப் படிப்பதிலும் முதல் அரை மணி கரைந்துவிடுகிறது. அதன்பின் நிகழ்தகவுப் பரவல்கள் பற்றிய அத்தியாயத்தை எடுத்தால், ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது அதன் முதல் வரி நினைவில் இருப்பதில்லை. மறுபடியும் மேலே போகிறேன். பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடும்போது, உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தவிர வேறு எதையும் செய்ததாகச் சொல்ல முடியவில்லை.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரம் வந்தால் இந்த இரண்டு மணி நேரமும் இல்லை. பார்க்காத வகுப்புகள் வரிசையில் சேர்ந்துகொண்டே போகின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால் சரியாகிவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். ஒரு தாளை விட்டுவிடு என்று என் தங்கை சொல்கிறாள். வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு படித்தவர்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: இரவுப் பணி

வணக்கம் சகோதரி. செவிலியராகச் சுழற்சி முறைப் பணியில் இருந்துகொண்டே பட்டப்படிப்பை முடித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். அட்டவணையைத் திருத்துவதற்கு முன்னால், நீங்கள் எடுத்திருக்கும் பாடச்சுமை உங்களிடம் இருக்கும் நேரத்துக்குள் அடங்கக்கூடியதுதானா என்று ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் அலுவலகக் கணக்கில் காட்டுகிற கண்டிப்பைச் சொந்த நேரத்தின் கணக்கில் நம்மில் பெரும்பாலோர் காட்டுவதில்லை.

பல்கலைக்கழகங்கள் ஒரு தாளுக்கு இத்தனை கிரெடிட் என்று போடுவது வெறும் மதிப்பெண் கணக்குக்காக அல்ல. அதற்குள் மணிக்கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் பொது முறையில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, பயிற்சி, தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே குறைந்தது 2 மணி நேரப் படிப்பும் என்று வைக்கிறார்கள். ஐரோப்பிய முறையில் 5 கிரெடிட் உள்ள ஒரு தாளை எடுத்துக்கொண்டால் மொத்தம் 125 முதல் 150 மணி நேரம். அதை 15 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு எட்டு மணிக்குச் சற்று மேலே தொடங்கிப் பத்து மணி வரை வரும். இரண்டு தாள்கள் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 17 முதல் 20 மணி நேரம். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைக் கையேட்டிலும் ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி என்று இருக்கும். அதைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். இரவு இரண்டு மணி நேரத்தையும் வார இறுதியையும் வைத்துக்கொண்டு இரண்டு தாள்களை இழுக்க முடியவில்லை என்றால், அது உங்கள் ஒழுங்கின் குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாத்திரத்தின் கொள்ளளவையே பார்க்காமல் ஊற்றியிருக்கலாம்.

அடுத்தது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் போடும் மதிப்பீடே நம்பத் தகுந்ததல்ல என்பது. உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். பின்னர் 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாம் தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55.5 நாள். அதாவது, மிக மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கைக்கூட நடந்தது தாண்டிப் போய்விட்டது. ஆகவே ஓர் அசைன்மென்ட்டுக்கு நான்கு மணி நேரம் என்று தோன்றினால் ஏழு மணி நேரம் ஒதுக்குவது சோம்பேறித்தனம் ஆகாது.

ஒரு வாரத்துக்கு மட்டும், படிக்க உட்கார்ந்த நேரத்தையும் உண்மையில் படிப்பு நடந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துவாருங்கள். தங்கை சொன்னது சரியா இல்லையா என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

மறுமொழி: மாலை வகுப்பு ஆசிரியர்

வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்புகளில் நீண்ட காலமாகப் புள்ளியியல் நடத்திவருகிறேன். மேலே சகோதரி சொன்ன மணிக்கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு எல்லா மணிகளையும் ஒரே தரம் என்று எடுத்துக்கொள்கிறது. என் வகுப்பில் பின்தங்குகிறவர்களிடம் நான் காண்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் எழுதியதையே பாருங்கள். அலுவலகம், வீடு, மாமியாரின் தேவைகள், மகனின் பாடம் எல்லாம் முடிந்து, நாளின் மிகக் களைத்த இரண்டு மணி நேரத்தை, உங்கள் பாடத்திட்டத்திலேயே மிகக் கடினமான அத்தியாயத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வார இறுதியின் தெளிந்த நேரத்தையோ, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் போதும் என்கிற பதிவுகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இதைத் தலைகீழாக மாற்றிப்போடுங்கள். கணக்குப் போடுவது, புதிய கருத்தை முதன்முறையாகப் படிப்பது, கட்டுரையின் முதல் வரைவை எழுதுவது ஆகியவை கனமான வேலைகள். வகுப்புப் பதிவைப் பார்ப்பது, குறிப்புகளைச் சீராக்குவது, மேற்கோள் பட்டியலை ஒழுங்குசெய்வது, கோப்புகளைப் பதிவேற்றுவது ஆகியவை இலகுவான வேலைகள். கனமானவை சனிக்கிழமைக் காலைக்குப் போகட்டும். இலகுவானவை இரவுக்கு வரட்டும். எந்த வேளையில் தலை தெளிவாக இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அதை உங்கள் அனுபவத்தை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த முதல் அரை மணி நேர இழப்புக்கு ஒரு வழி உண்டு. அதை உட்காரும்போது தேடக்கூடாது, எழும்போது தேட வேண்டும். புத்தகத்தை மூடுவதற்கு முன், கடைசி ஐந்து நிமிடத்தில், அடுத்த முறை செய்ய வேண்டிய முதல் செயலை ஒரே வரியில் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகிவையுங்கள். "அத்தியாயம் ஐந்தைத் தொடர்க" என்று எழுதினால் பயனில்லை. மறுநாள் மறுபடியும் தேடத்தான் வேண்டியிருக்கும். "பயிற்சி 5.7, இரண்டாம் பகுதி; மாறுபாட்டெண்ணை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும்; சூத்திரம் பக்கம் 142" என்று எழுதுங்கள். என் மாணவர் ஒருவர் ஒரு கணக்கை வேண்டுமென்றே பாதியில், அடுத்த படி என்ன என்பது நன்றாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுவார். மறுநாள் பேனாவை எடுத்த கணத்திலேயே அவருக்கு வேலை தொடங்கிவிடும். பல்கலைக்கழக அறிவிப்புகளை வாரத்தில் இரண்டு குறித்த நாட்களில், படித்து முடித்த பிறகு பாருங்கள். மேசையில் அமர்ந்ததும் முதல் வேலையாக அதைத் திறக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒரே பக்கத்தை மீண்டும் மீண்டும் படிப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரத்தை அதிகம் விழுங்குவது அதுதான். திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகிப்போனதைத் தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு நின்றது சுமார் 61 சதவீதம். குறைந்த நேரம் உள்ளவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை என்பது என் கருத்து. ஒரு பக்கத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெள்ளைத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள், பிறகு திறந்து விடுபட்டதை மட்டும் பாருங்கள். முதலில் இது எரிச்சலூட்டும். ஒன்றுமே தெரியவில்லை என்ற எண்ணம் வரும். அந்தத் திணறலில்தான் படிப்பு நடக்கிறது.

ஒரே கணக்கைச் செவ்வாய் அன்று குறிப்பைப் பார்த்தும், சனி அன்று பார்க்காமலும், மூன்று வாரம் கழித்து மறுபடியும் போட்டுப் பார்ப்பது, ஒரே இரவில் அதே வகைக் கணக்குகளை வரிசையாகப் போட்டுத் தள்ளுவதைவிட நன்றாக நிற்கும். இடைவெளி விட்டுக் கற்பதன் பயனை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்கௌஸ் 1885-லேயே தம்மைத் தாமே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். சிதறிக் கிடக்கும் நேரம்தான் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அது உங்களுக்குச் சாதகமானது.

மறுமொழி: நான்காம் பருவம்

விடியற்காலை நான்கு மணி யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கே உறங்கப் போக முடிகிறவருக்கு அது நல்ல நேரம்தான். பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழுவது, படித்ததைத் தங்கவைக்கும் வேலையையே கெடுத்துவிடும். படித்தபின் உறங்கியவர்கள், படித்தபின் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தார்கள் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்பவர்கள் 1924-லேயே காட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அந்த மணிகளை "காலி நேரம்" என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: கணக்குப் பிரிவு

மூவருக்கும் நன்றி. சொன்னபடி ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். உட்கார்ந்த நேரத்துக்கும் படித்த நேரத்துக்கும் நான் நினைத்ததைவிடப் பெரிய இடைவெளி இருக்கிறது. உண்மையான படிப்பு, நல்ல வாரத்திலேயே ஏழு மணி நேரத்தைத் தாண்டவில்லை. கையேட்டின் கணக்குப்படி பார்த்தால் அது ஒரு தாளுக்கே சற்றுக் குறைவு. குறிப்பு எழுதிச் செருகிவைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவிட்டேன். அதில் உடனே வேறுபாடு தெரிகிறது.

இரண்டு சிக்கல்கள் மீதம் உள்ளன. சனிக்கிழமைக் காலையைக் கனமான பாடத்துக்கு ஒதுக்கினால், அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் கதவைத் தட்டுகிறார்கள். எல்லாரும் "நீ படி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மாமியாரின் மருந்து எங்கே இருக்கிறது, மகனின் வரைபட நோட்டு எங்கே போயிற்று என்ற கேள்விகள் என்னிடம்தான் வருகின்றன. இரண்டாவது, கணக்கு முடிக்கும் வாரமும் அசைன்மென்ட் கெடுவும் இந்தப் பருவத்தில் இரண்டு முறை மோதுகின்றன. வகுப்புப் பதிவுகளையாவது வீட்டு வேலை செய்துகொண்டே காதில் கேட்டால் நேரம் மிச்சமாகுமா என்றும் யோசிக்கிறேன்.

மறுமொழி: இரண்டு பிள்ளைகளின் தந்தை

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புள்ளியியல் வகுப்பைக் காதால் மட்டும் கேட்பது படிப்பாகாது. பலகையில் குறியீடுகள் ஓடும்போது கை வேறு எதையோ செய்துகொண்டிருந்தால், வகுப்பு முடிந்தது என்ற திருப்தி மட்டும் மிஞ்சும், அந்தத் திருப்திதான் பிறகு சிக்கலில் மாட்டிவிடும். ஏற்கெனவே புரிந்துகொண்ட பாடத்தை மீள்பார்வையாகக் கேட்பதற்கு வேண்டுமானால் அது உதவும். ஆசிரியர் பதிவுகளை இலகுவான வேலைகளில் சேர்த்ததில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் முறை பார்க்கும் பதிவு கனமான வேலைதான். இடையிடையே நிறுத்தி, அடுத்த படியை நாமே எழுதிப் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். தேங்கிப்போன பதிவுகள் அனைத்தையும் பார்த்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். பயிற்சிக் கணக்குகளை முதலில் எடுங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அதற்குரிய பகுதியை மட்டும் பதிவில் தேடிப் பாருங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி படித்த காலத்தில் நான் கதவைத் தட்டிய பக்கத்தில் இருந்தவன். "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. என்ன பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மருந்து எத்தனை மணிக்கு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின், தீர்ந்துபோனால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறவரை, வேலையைச் செய்வது வேறு யாராக இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும். சனிக்கிழமைக் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை வீட்டின் பொறுப்பு கணவருடையது என்று முழுமையாக மாற்றிக்கொடுங்கள். உதவி என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கும். மருந்து விவரத்தை ஒரு தாளில் எழுதி மாமியாரின் படுக்கைக்கு அருகில் ஒட்டிவிடுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் கணவர் ஏதாவது ஒன்றை நீங்கள் செய்வதுபோல் செய்யாமல் போகலாம். எழுந்து வந்து திருத்தாதீர்கள். மகனைப் பொறுத்தவரை, "அம்மா படிக்கிறேன்" என்பதைவிட "பன்னிரண்டு மணிக்கு வெளியே வருவேன்" என்பது எளிதில் புரியும். சொன்ன நேரத்தில் வெளியே வந்துவிடவும் வேண்டும். ஓர் அத்தியாயம் மிச்சம் என்று ஒரு மணி வரை நீட்டினால் அடுத்த வாரம் அவன் பத்து மணிக்கே தட்டுவான்.

முடிந்தால் வீட்டைவிட்டு வெளியே, ஒரு நூலகத்துக்குப் போய்விடுவது இதைவிட நல்லது.

அலுவலகத்தில், கெடு நெருங்கிய பிறகு கேட்கும் விடுப்புக்கும் இரண்டு மாதம் முன்பே கேட்கும் விடுப்புக்கும் மேலாளரின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு. பருவத்தின் தொடக்கத்திலேயே தேர்வு நாட்களையும் கெடு நாட்களையும் காலெண்டரில் குறித்து, கணக்கு முடிக்கும் வாரங்களின் மேல் "படிப்பு இல்லை" என்று எழுதிவிடுங்கள். அந்த வாரங்களில் கொஞ்சமாவது படிப்போம் என்ற நம்பிக்கைக்கு இடம் கொடுக்க வேண்டாம். மோதுகிற இரண்டு அசைன்மென்ட்டுகளையும் கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாக முடிப்பதாகத் திட்டமிடுங்கள். அது முடியாது என்று இப்போதே தெரிந்தால், பாட ஆசிரியருக்கு இன்றே எழுதுங்கள்.

மறுமொழி: மாலை வகுப்பு ஆசிரியர்

பதிவுகள் பற்றி நண்பர் சொன்ன திருத்தம் சரியானது. முதல் முறை பார்ப்பதைக் கனமான வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு நீட்டிப்பு பற்றி, கேட்கப்படும் பக்கத்தில் இருப்பவனாக ஒன்று சொல்கிறேன். கெடு முடிந்த மறுநாள் வரும் நீண்ட விளக்கக் கடிதத்துக்கு விதிகளின்படி என்னால் பெரும்பாலும் எதுவும் செய்ய இயலாது. மூன்று வாரம் முன்பு, "இந்தத் தேதிகளில் என் அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிப்பு இருக்கிறது, நான்கு நாள் நீட்டிப்புக் கிடைக்குமா, இந்தத் தேதியில் கட்டாயம் தருகிறேன்" என்று இரண்டு வரியில் வரும் மின்னஞ்சலுக்கு மறுப்புச் சொல்வது அரிது. எத்தனை நாள் வேண்டும் என்பதை நீங்களே குறிப்பிடுங்கள்.

இனி, ஏழு மணி நேரம் என்ற உங்கள் கணக்கு. அது இரண்டு தாள்களுக்குப் போதாது; தங்கையின் யோசனைதான் சரி. எதை விடுவது என்பதில் கவனம் தேவை. பிடிக்காத தாளை, அல்லது அதிகம் பின்தங்கியிருக்கும் தாளை விடுவதே பலருக்கும் முதலில் தோன்றும். உங்கள் படிப்பில் அடுத்து வரும் பொருளளவியல் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் முறைகளால் ஆராயும் பாடம்) தாளுக்குப் புள்ளியியல்தான் அடிப்படை. அதைத் தள்ளிப்போட்டால் அதற்குப் பின்னால் நிற்கும் தாள்களும் சேர்ந்து தள்ளிப்போகும். நுண்பொருளியல் மறுபடியும் எப்போது நடத்தப்படும் என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்த ஆண்டே வரும் என்றால் அதைத் தள்ளிவைத்துப் புள்ளியியலை வைத்துக்கொள்வது நல்லது. மிச்சமாகும் நேரத்தில் வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ஏழு மணி நேரம் ஒரு தாளுக்கே சற்றுக் குறைவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஓரிரு நாள் விடுப்பு எடுத்தால்தான் அது ஈடுகட்டும்.

விலகல் படிவத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்றைச் சரிபார்த்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்று பதிவாகாமல் விலகுவதற்குக் கடைசித் தேதி எது என்பது ஒன்று. பல இடங்களில் அது பருவத்தின் நடுப்பகுதிக்கு முன்பே கடந்துவிடும். உதவித்தொகையோ கல்விக்கடனோ அலுவலகத்தின் கட்டண உதவியோ பெறுகிறீர்கள் என்றால், அதற்குக் குறைந்தபட்ச கிரெடிட் நிபந்தனை உண்டா என்பது இன்னொன்று. பட்டத்தை முடிப்பதற்கான உச்ச வரம்பு எத்தனை ஆண்டு என்பது மூன்றாவது. பருவத்துக்கு ஒரு தாள் என்ற வேகத்தில் அந்த வரம்புக்குள் முடியாது என்றால், எந்தப் பருவத்தில் இரண்டு தாள் எடுக்க முடியும் என்பதை, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு வராத பருவமாகப் பார்த்து, இப்போதே குறித்துவையுங்கள்.

கேள்வி கேட்டவர்: கணக்குப் பிரிவு

துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். நுண்பொருளியல் அடுத்த ஆண்டும் நடக்கிறது, விலகுவதற்கான தேதி இன்னும் கடக்கவில்லை, கட்டண உதவிக்குக் குறைந்தபட்ச நிபந்தனை எதுவும் இல்லை. படிவத்தை நாளை கொடுக்கிறேன். ஆண்டுக் கணக்கு முடிப்பு இல்லாத பருவத்தில் இரண்டு தாள் எடுத்தால் உச்ச வரம்புக்குள் பட்டம் முடிந்துவிடும் என்று கணக்கும் வருகிறது. சனிக்கிழமைப் பொறுப்பு மாற்றத்தைப் பற்றிக் கணவரிடம் பேசிவிட்டேன்; மருந்துத் தாளை அவரே எழுதி ஒட்டட்டும் என்று விட்டிருக்கிறேன்.